பதினோராவது கடை

தாராபுரம் கல்யாண மண்டபத்துல
தொழில் வளர்ச்சிக் கூட்டமுங்க.
ஊட்டுக்காரர் கையெல்லாம் வார்னிஷ்,
"நீயே போயிட்டு வா அம்மிணி"ன்னுட்டார்.
மத்தியானச் சோத்துக்கு மஞ்சள் டோக்கன் கொடுத்தாங்க.
மணவறை இருக்க வேண்டிய எடத்துல
கோட்டு போட்ட ஒருத்தர் நின்னு
கூட்டத்துல தனியாத் தெரியணும்னார்,
வந்தவன் போகக் கூடாது
போனவனும் திரும்பணும்னார்.
அப்பறம் என்னையப் பாத்துக் கை நீட்டினார்:
"அம்மா, உங்க கடையில என்ன வித்தியாசம்?"

எந்திரிச்சு நின்னேன்.
குண்டடத்துல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை பதினொண்ணு.
எல்லாத்துலயும் அதே செம்புக் கம்பி,
அதே தராசு,
வாசல்ல அதே கருத்த எண்ணெய்த் தரை.
ஒம்போதாவது கடையில சீரியல் லைட்டு மாட்டினாங்க,
மக்யா நாள் பத்துலயும் எரிஞ்சுது.
நாலாவது கடைக்காரர் காலண்டர் அடிச்சார்.
அந்த வருசம் எங்க ஊட்டுலயே
அவர் காலண்டர்தான் தொங்குச்சு,
முருகன் அத்தனை லட்சணம்.
இதையெல்லாம் மைக்குல சொல்ல முடியுங்களா?
"ஒண்ணும் இல்லைங்க"ன்னு உக்காந்துட்டேன்.
சிரிச்சாங்க.
சாப்பாட்டுல சந்தகை இருந்துது.

பஸ்ஸுல வாறப்பத்தான் ஒண்ணொண்ணா நெனப்பு.
எங்க பில்லு புக்கு இருக்குதே,
மோட்டாரை எறக்கி
மூணு பேஸ் கரண்ட் வந்து
தொட்டியில தண்ணி விழுந்து
போன் வந்தாத்தான் இவர் பில்லுக் கிழிப்பார்.
அதுவரைக்கும் அது வேலையே இல்லையாம்,
வெறும் கம்பியாம்.
தண்ணி விழுந்தும் விழுகலைன்னவங்க ரெண்டு பேர்.
அதுல ஒருத்தர் என்ற சொந்தச் சித்தப்பா.
"போர்ல தண்ணி இல்லீங்,
மோட்டார் என்னங்க பண்ணும்"னு
வந்த வேலையத் திருப்பி அனுப்பின நாளெல்லாம்
கல்லாவுல நான் ஈ ஓட்டியிருக்கேன்.
இதுவா வித்தியாசம்? கிறுக்குங்க இது.

அப்பறம் வெள்ளிங்கிரியண்ணன்.
பன்னெண்டு வருசம் எங்ககிட்ட.
போன தையில இருநூறு ரூபா கம்மின்னு
ஏழாவது கடைக்குப் போனார்.
எங்க கடையத் தாண்டறப்ப மட்டும்
வண்டிய முறுக்கிட்டு
அந்தப் பக்கமே பாத்துட்டுப் போவார்.
அந்தப் பக்கம் சுடுகாட்டு மதில்தான் இருக்குது.

சித்திரையில
சாக்குல சுத்தின மோட்டாரோட வந்து நின்னார்.
தலை நிமிரலை.
ஏழுல கட்டுனதான்னு கேக்க வாயெடுத்தேன்,
இவர் பாத்த பார்வையில முழுங்கிட்டேன்.
அவுத்தார். காயிலை விரலால தடவினார்.
மெகர் வெச்சுப் பாத்தார்.
"நல்லாத்தான் கட்டியிருக்கறாருங்.
பம்புல மணல் இறுகிக் கெடக்குது,
அதான் சுத்தலை."
கழுவி மாட்டினார்.
"ரெண்டு பைப்பு ஏத்தி நிறுத்துங்க."
காசுங்க?
"எதுக்குங்க?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.
ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை
ஏழாவது கடையக் கொறை சொல்லியிருந்தா
ஆயுசுக்கும் நம்ம ஆளு.
அன்னைக்கு ரசத்துக்கு உப்புப் போடலை, வேணும்னே.
நல்லா இருக்குதுன்னு ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சார்.

ஆடியில அந்த மோட்டார் மறுபடி போனா
வண்டி எங்க நிக்குமோ
எனக்குத் தெரியாதுங்க, கோட்டுக்காரரே.
ஆனா அன்னைக்கு ராத்திரி பதினொண்ணரைக்கு
மூணு பேஸ் வந்திருக்கும் போல,
போன் அடிச்சுது.
எடுத்தா ஆள் பேச்சே இல்லை.
தூரத்துல நாய்.
அப்பறம் பைப்பு ரெண்டு தரம் இருமி
தொட்டியில தொபதொபன்னு சத்தம்.
யாரும் கூப்பிடச் சொல்லலை,
கிழிக்கறதுக்குப் பில்லும் இல்லை.
"விழுகுது அம்மிணி."
சரிங்கண்ணான்னேன்.
அவரும் போனை வெக்கலை,
நானும் வெக்கலை.